தொரசாணிக்கு மூச்சு முட்டுகிறது, சம்பந்தி

என் பிரியமான சம்பந்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க முடியவில்லை. இங்கே நலமில்லை. தொரசாணிக்கு உடம்பு சரியில்லாமல் இன்றோடு ஒன்பது நாள். மூச்சு முட்டுகிறது. அலகைத் திறந்தபடியே கிடக்கிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குகிறது, அடிபம்பின் கைப்பிடி மாதிரி. தண்ணீர் வராத பம்பை யாரோ விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது போல் இருக்கிறது.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம். இத்தனை நாள் எழுதாதவன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்று அர்த்தம். உங்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடியாது. இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவர் என் மகள் கவிதாவின் மாமனார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து, மீசை முளைக்கிற வயதில் கப்பலேறி, கடைசியில் இந்தப் பழனி மலைக்கு வந்து சேர்ந்தவர். கூலிக்கு மண்வெட்டி பிடித்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் பூண்டு போட்டவர். தொரசாணி அவர் வளர்த்த பறவை. கூஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அது. வெள்ளை இறகு, ஆரஞ்சு நிற அலகு, நீளக் கழுத்து. சிறுவயதில் பார்த்த துரையின் மனைவி மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது என்று அந்தப் பெயர் வைத்தார். அவர் காரியம் முடிந்து வீட்டைப் பூட்டுகிற அன்று, மாப்பிள்ளை ராஜன் அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். நான் அணைத்துத் தூக்கிக்கொண்டு நாயுடுபுரத்துக்கு வந்துவிட்டேன். கவிதாவின் அம்மா இல்லாத வீடு. ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். இனி உங்களிடம் பேசுகிறேன்.

முதல் நாள் எனக்கு விஷயமே தெரியாது. ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டி, அன்றைக்கு மேகம் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. வெள்ளனே எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம் சத்தம் போட்டாள். ஏரிப் பக்கம் கேரட்டும் பிளம்ஸும் விற்கிறாளே, அதே பாக்கியம்தான்.

"சார், உங்க தொரசாணி என்ன, மௌன விரதமா? காட்டுமாடு வேலியச் சாச்சுக்கிட்டு உள்ள வந்து அம்புட்டு முட்டைக்கோசையும் மேஞ்சுட்டுப் போயிருக்கு. ஒரு சத்தத்தக் காணோமே!"

முட்டைக்கோஸ் போனது எனக்கு உறைக்கவில்லை. சத்தம் வராததுதான் உறைத்தது. காட்டுமாடு தெருமுனைக்கு வந்தாலே ஊரைக் கூட்டுகிறவள் அல்லவா? ஓடிப்போய்க் கொட்டகையைப் பார்த்தேன். தகரத்தின் ஓட்டை வழியாக மழை இறங்கி வைக்கோல் முழுக்க நனைந்து கெட்ட வாடை அடித்தது. மூலையில் நின்றுகொண்டிருந்தாள். மூக்குத் துவாரத்தில் சளி. கண் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழி. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கரகரவென்று உருண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது, சம்பந்தி. மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் நான்கு நாள் கேட்ட சத்தம்.

அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று ஆவணியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன்? எனக்கு நானேதான். சொன்னதோடு சரி.

"சளிதான் சார். சுடுதண்ணியில ரெண்டு சொட்டு தைலம் விட்டு ஆவி காட்டுங்க. நம்ம ஊருல தைலத்துக்கா பஞ்சம்?" என்றாள் பாக்கியம். நமக்கெல்லாம் தலைவலி, மூட்டுவலி, பிள்ளைச் சளி எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம்தானே. நானும் யோசிக்காமல் செய்தேன். இரண்டு நிமிஷத்தில் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு காற்றைக் கடித்துத் தின்கிற மாதிரி திணற ஆரம்பித்துவிட்டாள். பாத்திரத்தைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். "ஐயையோ, நான் சொன்னது தப்பாப் போச்சே" என்று பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

இங்கே மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொந்த ஊருக்குப் போனவர், மலைப்பாதையில் மரம் சாய்ந்து திரும்ப முடியாமல் கீழேயே நின்றுவிட்டார். கீழேயிருந்து பஸ்ஸும் இல்லை. தீவனக் கடைக்காரர் வத்தலக்குண்டில் ஒரு டாக்டரம்மாவின் நம்பர் கொடுத்தார். போனில் பேச்சு விட்டுவிட்டு வரும். நெட் சுத்தமாக இல்லை. மேட்டில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடையோடு நின்று பேசினேன்.

"கொடைக்கானல்ல இருந்து பேசுறேங்கம்மா. ரிட்டயர்டு வாத்தியார். வாத்துக்கு மூச்சு முட்டுதும்மா."

"எத்தன வாத்து சார்? மந்தையா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்கம்மா."

"சுத்துவட்டத்துல கோழி, காக்கா எதுவும் செத்துக் கெடக்கா?"

"இல்லீங்கம்மா. நல்லாப் பாத்துட்டேன்."

"சரி. இருந்தாலும் நீங்க மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் தொடணும், கையச் சோப்புப் போட்டுக் கழுவணும். இதுவரைக்கும் ஏதும் வைத்தியம் பண்ணீங்களா?"

"தைலம் போட்டு ஆவி மட்டும்..."

"தைலமா! சார், பறவைக்கு நெஞ்சுக்குள்ள காத்துப்பை எவ்வளவு மெல்லிசா இருக்கும் தெரியுமா? வாத்தியார்னு வேற சொல்றீங்க!"

முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் பிள்ளைகளைத் திட்டினவன், குடைக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வெட்கத்தில்தான் அடுத்தது நடந்தது. "எடை என்ன இருக்கும்?" என்று கேட்டார். "போட்டுப் பாத்ததில்லம்மா. நல்லா வளந்த வாத்து" என்றேன். "வளந்த வாத்துன்னா ரெண்டு கிலோன்னு வெச்சுக்கலாம். எழுதிக்கங்க" என்று மருந்தின் பேரும் அளவும் சொன்னார். மனசில் ஒரு சின்ன நெருடல். தூக்கினால் கை கடுக்கிறதே, இரண்டு கிலோதானா? கேட்டிருக்கலாம். இன்னொரு தடவை "வாத்தியார்னு வேற சொல்றீங்க" என்பார்களோ என்று கேட்கவில்லை. வகுப்பில் கை தூக்கப் பயப்படுகிற பிள்ளையை எத்தனை தடவை கடிந்துகொண்டிருக்கிறேன். "சந்தேகத்த விழுங்குனா வயித்த வலிக்கும்லே" என்று. என் சந்தேகத்தை நான் விழுங்கினேன். வலி அவளுக்கு.

"ஒரு போட்டோ அனுப்புங்க சார்" என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது. அனுப்பினேன். அது போகாமல் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்தேன், சம்பந்தி. அவளை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பழைய வேட்டிகளை மடித்துப் போட்டு, துண்டு சுற்றின வெந்நீர்ப் பையை ஒரு பக்கமாக வைத்தேன். கரண்ட் இல்லாததால் விறகடுப்பில்தான் வெந்நீர். காலையும் மாலையும் சிரிஞ்சில் மருந்து. நாக்கு முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று திறந்து மூடும். அதுதான் மூச்சு போகிற வழி, அதில் ஒரு சொட்டு போனாலும் ஆபத்து. அதனால் அலகின் ஓரத்தில், சொட்டுச் சொட்டாக, அவள் விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுதவைக்கிற பொறுமை வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. மூக்கை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்தேன். கீரையைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். கேழ்வரகைக் கூழாக்கி வைத்தேன். பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அதே மாதிரி. தினமும் மேட்டில் ஏறி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நான்காம் நாள் கழுத்தை மடக்கி முதுகில் வைக்கக்கூடத் தெம்பில்லை. ஐந்தாம் நாள் அந்த நீளக் கழுத்தைத் தரையில் போட்டுவிட்டாள், நனைந்த கயிறு மாதிரி.

அன்றைக்கு எப்படியோ லைன் கிடைத்து மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து பேசினார். "மாமா, விட்டுருங்க மாமா. நீங்க சாப்புடாமக் கெடக்கீங்கன்னு கவிதா அழுகுறா. எங்கப்பாவே இருந்தா இந்நேரம் அறுத்துக் கொழம்பு வெச்சிருப்பாரு."

"உங்கப்பாவ எனக்குத் தெரியும் மாப்ளே. அவரு அறுக்க மாட்டாரு. கொட்டகைக்குப் பின்னாடி போய் நின்னு அழுவாரு."

பிறகு, "தண்ணியாவது குடிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாக்கியம் சாயங்காலம் எட்டிப் பார்த்தாள். "பழனி முருகனுக்கு முடி எறக்குறேன்னு வேண்டிக்கங்க சார்."

"என் தலையில இருக்குறது பத்து முடி பாக்கியம். அத வாங்கி முருகன் என்ன பண்ணுவாரு?"

சிரித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வேண்டிக்கொண்டேன். பத்து முடியையும்.

ஆறாம் நாள் மத்தியானம் மழை விட்டது. டவர் வந்தது போலிருக்கிறது. சட்டைப் பையில் கிடந்த போன் தானாக ஒரு சத்தம் போட்டது. ஐந்து நாளாகச் சுற்றிக்கொண்டிருந்த போட்டோ போய்ச் சேர்ந்திருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

"சார், இப்பத்தான் போட்டோ வந்துச்சு. இது என்ன சார்?"

"வாத்தும்மா."

"இது எப்படி சார் வாத்து? இது கூஸ்!"

"ஆமாங்கம்மா. கூஸ். வாத்து."

"சார், வாத்துன்னா டக். குட்டையா, வயக்காட்டுல மந்தையா மேயுமே, அது."

"அத நாங்க தாரான்னுல்ல சொல்லுவோம்?"

"யாரு சார் நாங்க?"

யார் நாங்கள்? நீங்களும் நானும்தான், சம்பந்தி. வேறு யார் இருக்கிறார்கள்? உங்கள் மகன்கூடக் கூஸ் என்றுதான் சொல்கிறார்.

"மொதல்ல எடை போடுங்க சார். வெரசா" என்றார்.

பாக்கியத்திடம் ஓடினேன். "தராசு குடு பாக்கியம்." "எத்தன கிலோ கேரட்டு சார்?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் கூடையை முதலில் வைத்துப் பார்த்தோம். பிறகு தொரசாணியைக் கூடைக்குள் வைத்தோம். கழித்துப் பார்த்தால் நான்கு கிலோ முந்நூறு. ஆறு நாள் பட்டினி கிடந்த பிறகு இது.

"பாதி மருந்துகூடப் போகல சார்" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பு என் மேலயும் இருக்கு. போட்டோ வராம நான் அளவு சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அரைகுறை மருந்து என்பது என்ன தெரியுமா? பரீட்சைக்கு முதல் நாளே கேள்வித்தாளைக் கிருமியிடம் காட்டுவது மாதிரி. அது தயாராகிவிடும். ஐந்து நாள் காலையும் மாலையும், அவ்வளவு பொறுமையாக, ஒரு சொட்டு சிந்தாமல், நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

முதல் முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கவிதா பிடிவாதம் பிடித்ததால் வந்தேன். மனசார வரவில்லை. "சிலோன்காரங்க வீட்டுல போயா பொண்ணு குடுக்கப் போறீங்க?" என்று என் அண்ணன் கேட்டதைக் காதில் வைத்துக்கொண்டே உங்கள் வாசலில் நின்றேன். "பாத்து வாங்க, வாத்து கொத்தும்" என்றீர்கள். பிறகு பக்கத்து வீட்டுக் குட்டையில் நீந்தினதைக் காட்டி, "அது தாரா, அது ஒண்ணும் பண்ணாது" என்றீர்கள். நான் என்ன செய்தேன்? பத்துப் பேர் முன்னால், வகுப்பில் திருத்துகிற மாதிரி, "தாரான்னு சொல்லக் கூடாதுங்க. அதுதான் வாத்து" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "எங்க தோட்டத்துல சின்னது தாரா, பெரிசு வாத்து, சம்பந்தி. ரெண்டையும் ஒண்ணாக் கதைச்சா ரெண்டும் கோவிச்சுக்கும்" என்றீர்கள். கல்யாணமே பேசி முடிக்கவில்லை, அதற்குள் சம்பந்தி! போதாதென்று, "வாத்தியார்ல பாதி வாத்துதானே, உங்களுக்கு ஏன் கோவம்?" என்று வேறு கேட்டீர்கள். என் அண்ணனே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம் உங்கள் வாசலில் தேத்தண்ணி குடித்திருப்போம். எந்த நாளில் நான் மாறினேன் என்று தெரியவில்லை. என் வாயிலும் சின்னது தாரா ஆகிவிட்டது, பெரிசு வாத்து ஆகிவிட்டது. நீங்கள் போன பிறகு வேண்டுமென்றே அப்படிச் சொன்னேன். கடைக்காரரிடம், பாக்கியத்திடம், தெருவில் நின்று போட்டோ எடுக்கிற டூரிஸ்ட்களிடம். நான் சொல்லாவிட்டால் இந்த மலையில் அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லை என்று ஒரு எண்ணம். அந்தப் பிரியத்தில்தான் டாக்டரம்மாவிடமும் சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் பள்ளிக்கூடம் வத்தலக்குண்டுப் பக்கம். பழம் ஒன்று வரையுங்கள் என்றால் வகுப்பு முழுக்க மாம்பழம் வரையும். மாற்றலாகி மேலே வந்து அதையே சொன்னேன். எல்லாப் பிள்ளையும் பேரிக்காய் வரைந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. நாம் சொல்கிற சொல் கேட்கிறவர் வீட்டுத் தோட்டத்தில் போய்த்தான் காய்க்கும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். எத்தனை புது வாத்தியார்களுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லியிருப்பேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் குடையோடு நின்ற அந்த ஐந்து நிமிஷத்தில் மட்டும் அது எங்கே போனது?

உங்கள் சொல் சரியான சொல். என் காதில் நீங்கள் சொல்வதாகவே கேட்டுக்கொண்டிருந்ததால், கேட்கிறவர் வேறொருவர் என்பது எனக்கு மறந்துவிட்டது.

ஆறாம் நாள் மாலையிலிருந்து சரியான அளவு. மருந்தையும் மாற்றிவிட்டார், இன்னும் கடுமையானது. நெட் வந்துவிட்டதால் வீடியோவில் அவளைப் பார்க்கிறார். "வாலத்தான் பாக்கணும் சார். மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதுல்ல, அது கொறையணும். மூணு நாள். மூணு நாள்ல கொறையலன்னா அதுக்கு மேல இழுத்துப் பிடிக்கிறது நமக்குத்தான் ஆறுதல், அதுக்கு வேதனை" என்றார்.

மூன்றாம் நாள் இன்றைக்குத்தான்.

நேற்றும் முந்தாநாளும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறேன். எண்ணிக்கை ஏறினால் தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணுகிறேன். குறைந்தால், ஐயோ மூச்சே நிற்கப்போகிறதோ என்று பயந்து மறுபடி எண்ணுகிறேன். நேற்று மருந்து கொடுக்கும்போது தலையைப் பிடித்த என் கை நழுவி, பாதி வெளியே போய்விட்டது. தரையில் சிந்தினதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுபடி கொடுத்தால் அதிகமாகிவிடுமா, கொடுக்காவிட்டால் குறைந்துவிடுமா? இந்தத் தடவை சந்தேகத்தை விழுங்கவில்லை. போன் போட்டேன். "சிந்துனது எம்புட்டு சார், ஒரு ஸ்பூன் இருக்குமா?" என்று சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டுக் கேட்டு அளவு சொன்னார்.

இன்று காலை வீடியோவில் வெகுநேரம் பார்த்தார். வால் ஆட்டம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"சார், ஒரு விஷயம். இது பொழச்சாலும் நெஞ்சுல வடு இருக்கும். உங்க ஊரு ஈரமும் குளிரும் இனி இதுக்கு ஆகாது. அடுத்த மழைக்கு மறுபடி வரும். அப்ப மருந்தும் கேக்காது."

"கொட்டகைய நல்லா மாத்திடுறேம்மா. ஈரம் உள்ள வராம..."

"ஊரையே கொட்டகைக்குள்ள வெக்க முடியுமா சார்? கீழ அய்யம்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச தோப்பு ஒண்ணு இருக்கு. வெயிலு, வாய்க்கால் தண்ணி. ஆறு கூஸ் வளக்குறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் இங்கே வந்த பிறகுதான் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு சோலி வந்தது. கதவைத் திறந்தவுடன் கழுத்தை நீட்டி ஒரு அதட்டல் போடுவாள். இந்த வீட்டில் என்னை அதட்டுவதற்கு வேறு ஆள் இல்லை, சம்பந்தி. மழையும் பனியுமாகக் கிடக்கிற இந்த உச்சியில் அவளை வைத்திருந்தது அவளுக்காகவா, எனக்காகவா? நீங்கள் இருந்தால் இந்தக் கேள்வியை வேறு மாதிரி, சிரிக்கிற மாதிரி கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது சாயங்காலம் ஐந்து மணி. மேகம் கொஞ்சம் விலகி ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. அவள் என் காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். 'கேட்கத் தெரியவில்லை' என்று மேலே எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். அப்போது ஒன்று நடந்தது.

கழுத்தைத் தூக்கினாள். அவளாகவே. ஆடி ஆடி, பாதி தூரம் வந்து, நின்று, மறுபடி தூக்கினாள். தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் அலகை வைத்தாள். நான் மூச்சு விடவில்லை. மூக்குத் துவாரம் வரைக்கும் முக்கி, உள்ளே புஸ்ஸென்று ஊதி, தலையை வெளியே எடுத்து ஒரு உதறு உதறினாள். தண்ணீரும் சளியுமாக என் மேலும், மடியிலிருந்த இந்தத் தாளின் மேலும் தெறித்தது. மேலே நான்கு வரி மசி கலங்கியிருக்கிறதே, அது என் கண்ணீர் இல்லை. அவள் செய்தது.

உடனே எண்ணினேன். வால் இன்னமும் ஆடுகிறது. நேற்றைக்கு இதே நேரம் ஆடினதில் முக்கால்வாசிதான் ஆடுகிறது. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். டாக்டரம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். "சந்தோஷப்படாதீங்க சார். ஆனா மருந்த ஒரு வேளகூட விட்டுறாதீங்க" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

பிழைக்காமல் போனால் என்ன செய்வேன் என்று எழுதக் கை வரவில்லை. அதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பிழைத்தால் செய்யப்போவதை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். மருந்து முடிந்து, அவள் நிற்க ஆரம்பித்து, பாதை சரியானதும், ஒரு வெயில் நாளாகப் பார்த்து நானே அவளை அய்யம்பாளையத்துக்குக் கொண்டுபோவேன். வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்ப மாட்டேன். வளைவில் குலுங்காமல் மடியில் வைத்துக்கொள்வேன். அங்கே இருக்கிற ஆறு வாத்தும் இவளைச் சேர்த்துக்கொள்கிற வரைக்கும் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் சரி. பிறகு பஸ் ஏறி, தனியாக, மேலே வந்து கதவைத் திறந்துகொள்வேன்.

மருந்துக்கு நேரமாகிவிட்டது. போகிறேன்.

கவிதாவின் அப்பா,
உங்கள் சம்பந்தி